மதுரையில் மாநாடு, நாற்பது அறை: ஓட்டல் பாயின்ட் யாருக்கு?

சங்கச் செயலாளர், கம்பெனியின் அட்மின் ஆள், மாநாட்டுக்கு வரும் டாக்டர் அல்லது பேராசிரியர். மூவரும் கேட்பது ஒரே கேள்விதான். மொத்தமாக அறை எடுத்தால் விலை குறைகிறது, சரி. தனியாகத் தங்கியிருந்தால் கிடைத்திருக்கும் ஓட்டல் பாயின்ட் (சேர்த்துவைத்துப் பிறகு அறைக்குப் பயன்படுத்தும் உறுப்பினர் புள்ளி) என்ன ஆகும்? செயலாளர் கணக்கில் சேருமா, தங்குபவர் கணக்கில் சேருமா, இல்லை யாருக்கும் இல்லாமல் போய்விடுமா?

சுருக்கமான பதில்: ஓட்டலுக்கு நேரடியாகப் பணம் கட்டுபவருக்குத்தான் பாயின்ட். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு முடிவெடுத்தால் மதுரையில் கையைக் கடிக்கும். இங்கே பாயின்ட் திட்டம் உள்ள பெரிய செயின் ஓட்டல்கள் கொஞ்சம்தான். அழகர்கோவில் சாலையில் கோர்ட்யார்ட் பை மேரியட், பசுமலையில் டாடா குழுமத்தின் கேட்வே என்று தொடங்கும் பட்டியல் சீக்கிரமே முடிந்துவிடும். மற்றவை பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் நடத்துபவை. அதோடு ரயில் நேரமும் முகூர்த்த நாளும் திருவிழாவும் இங்கே அறைக் கணக்கை ஆட்டிவைக்கிற ஆட்டத்துக்கு முன்னால் பாயின்ட் எந்த மூலைக்கு என்று சில சமயம் கேட்கத் தோன்றும்.

பேசுவதற்கு ஒரு கணக்கு வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாள் மாநாடு. 120 பேர் வருகிறார்கள். அவர்களில் 80 பேர் வெளியூர், இரண்டிரண்டு பேராக 40 அறை. வெள்ளி, சனி இரண்டு இரவு. அறை வாடகை வரி நீங்கலாக ஓர் இரவுக்கு 6,000 ரூபாய். சாப்பாடும் ஹாலும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

பாயின்டின் ரூபாய் மதிப்பு. மேரியட் பான்வாய் திட்டத்தில் கோர்ட்யார்ட் போன்ற ஓட்டலில் ஒரு டாலர் அறை வாடகைக்கு 10 பாயின்ட். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால், 12,000 ரூபாய்க்கு சுமார் 1,360 பாயின்ட் வரும். ஒரு பாயின்டை நான் 60 பைசாவுக்கு மேல் மதிப்பதில்லை. ஆக, இரண்டு இரவுக்கு 800 ரூபாய் சொச்சம், அதாவது வாடகையில் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கோல்ட் உறுப்பினருக்கு இதன் மேல் 25 சதவீதம், பிளாட்டினத்துக்கு 50 சதவீதம் கூடுதல் பாயின்ட் உண்டு. பிளாட்டினக்காரருக்குக் கணக்கு 10 சதவீதத்தைத் தொடும். டாடாவின் நியூபாஸ் திட்டத்தில் தலைவலி குறைவு: அங்கே பாயின்டின் பெயர் நியூகாயின், ஒரு நியூகாயின் ஒரு ரூபாய். இந்த 7 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இரவுக் கணக்கு, அதாவது ஆண்டில் எத்தனை இரவு தங்கினீர்கள் என்பது. அடிக்கடி பயணம் போகிறவருக்குப் பாயின்டை விட இதுதான் முக்கியம். மேரியட்டில் ஆண்டுக்கு 25 இரவு தங்கினால் கோல்ட், 50 இரவு தங்கினால் பிளாட்டினம். நவம்பர் மாதம் 47 இரவில் நிற்பவருக்கு மதுரையின் இரண்டு இரவு எவ்வளவு பெரிது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மணி நேரம். மதுரை மாநாட்டில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். சென்னையிலிருந்து வருபவர் வெள்ளிக்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலையில் இங்கே இறங்குகிறார். பெரிய ஓட்டல்களில் அறை கொடுப்பது மதியம் 2 மணிக்கு. மாநாடு தொடங்குவதோ காலை 9 மணிக்கு. பல் தேய்த்துக் குளித்துச் சட்டை மாற்ற ஓர் இடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இதே கதை தலைகீழாக நடக்கும்: 12 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், மாநாடு 5 மணிக்கு முடியும், ரயில் இரவு 9 மணிக்கு மேல். நாலு மணி நேரம் பெட்டியோடு லாபியில் 80 பேர்.

காலி அறையின் நஷ்டம் யார் தலையில். 40 அறை பிடித்து 28 அறைக்குத்தான் ஆள் வந்தால் மீதிக்கு யார் பதில் சொல்வது என்பது.

பில்லும் வரியும். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஓட்டல் இதற்கு உள்ளீட்டு வரி வரவு (தான் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். எல்லையைத் தாண்டினால் வரி மும்மடங்குக்கு மேல் குதிக்கிறது என்பதால் 7,400க்கும் 7,600க்கும் உள்ள வித்தியாசம் 200 ரூபாய் இல்லை, 1,198 ரூபாய்.

யாருடைய பணம், யாருடைய பாயின்ட். இது நாசூக்கான விஷயம். சங்கப் பணத்தில் சேரும் பாயின்டைச் செயலாளர் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டால் சட்டப்படி தப்போ இல்லையோ, அடுத்த பொதுக்குழுவில் யாராவது எழுந்து கேட்பார்கள்.

## வழி 1: குரூப் விலை, ஆனால் அவரவர் பில்லை அவரவர் கட்டுவது

ஏற்பாட்டாளர் ஓட்டலோடு பேசி 40 அறையை ஒதுக்கி வைக்கிறார். வருகிறவர் அந்தக் குரூப்பின் பெயரையோ குறியீட்டு எண்ணையோ சொல்லித் தன் பெயரில் பதிந்து, கிளம்பும்போது தன் கார்டில் பணம் கட்டுகிறார். பாயின்ட் வேண்டும் என்றால் இதுவே நேர்வழி. குரூப் விலையாக இருந்தாலும், தங்குபவர் ஓட்டலுக்கு நேரடியாகக் கட்டுவதால் அவர் கணக்கில் சேரும். இரவுக் கணக்கும் ஏறும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. நம் ஊர் மாநாடுகளில் இரண்டு பேர் ஓர் அறை என்பதுதான் வழக்கம். ஓர் அறைக்கு ஒரு உறுப்பினருக்குத்தான் பாயின்ட். பணத்தைப் பாதிப் பாதி பிரித்துக் கட்டினாலும் இரண்டு பேர் கணக்கிலும் இரவு ஏறாது. எனவே 80 பேரில் 40 பேருக்கு ஒன்றும் இல்லை. யார் பெயரில் அறை என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால், கவுண்டரில் நின்று "நீங்க போட்டுக்குங்க சார்", "இல்ல இல்ல, நீங்க போடுங்க" என்று உபசாரம் நடக்கும். வீட்டுக்குப் போன பிறகுதான் வருத்தம் தெரியும்.

மறைமுகச் செலவு இரண்டு. முதலாவது, கம்பெனி ஊழியர்கள் விஷயத்தில், சேர்ந்து ஆறு மாதம் ஆன பையன் 12,000 ரூபாயைத் தன் கையிலிருந்து போட்டுவிட்டு, அக்கவுண்ட்ஸ் பிரிவு எப்போது திருப்பித் தரும் என்று காத்திருக்க வேண்டும். கிரெடிட் கார்டு இல்லாதவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவனுக்கு 800 ரூபாய் பாயின்ட் எந்த ஆறுதலும் தராது. இரண்டாவது, பேரம் பேசும் பலம் குறைகிறது. "40 பேர் வருவார்கள், அவர்களே கட்டிக்கொள்வார்கள்" என்று சொல்லும் ஆளை ஓட்டலின் சேல்ஸ் மேனேஜர் ஒரு மாதிரியும், "40 அறைக்கும் நான் பணம் கட்டுகிறேன்" என்பவரை வேறு மாதிரியும் பார்ப்பார். விலை, அதிகாலைச் செக்-இன், இலவச அறை எல்லாவற்றிலும் இந்த வித்தியாசம் தெரியும்.

டாக்டர்கள் சங்க மாநாட்டுக்கு இந்த வழிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024இல் வந்த மருந்து நிறுவனங்களுக்கான விற்பனை நெறிமுறைப்படி, பேச்சாளராக வருபவரைத் தவிர மற்ற டாக்டர்களுக்கு மருந்துக் கம்பெனி பயண வசதியோ ஓட்டல் தங்கலோ தரக் கூடாது. அப்படியிருக்க, பிரதிநிதிகள் தாங்களே தங்கள் அறைக்குப் பணம் கட்டியதற்குத் தனித்தனி பில் இருப்பது எல்லோருக்கும் நல்லது. பாயின்ட் அதோடு வரும் உபரி.

## வழி 2: எல்லாம் ஒரே மாஸ்டர் பில்லில்

கம்பெனியோ சங்கமோ மொத்தத்தையும் கட்டிவிடும். வருகிறவர் அடையாள அட்டையைக் காட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போவார். சலவைக்கும் கூடுதல் டீக்கும் மட்டும் தனியாகக் கட்டுவார். கையாள எளிது. தங்குபவருக்குப் பாயின்ட் கிடையாது. மேரியட் விதிகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: குரூப்பில் வந்து, அறைக்கான பணம் மாஸ்டர் பில்லில் போனால், அது பாயின்டுக்குத் தகுதியான தங்கல் ஆகாது.

அப்படியானால் பாயின்ட் எங்கே போகிறது? நிகழ்ச்சி ஏற்பாட்டாளருக்கென்றே பெரிய செயின்களில் தனித் திட்டம் இருக்கிறது. மேரியட்டில் அதன் பெயர் ரிவார்டிங் ஈவென்ட்ஸ். அறை, சாப்பாடு, ஹால் எல்லாம் சேர்ந்த தகுதியான செலவில் ஒரு டாலருக்கு 2 பாயின்ட். ஒவ்வொரு 20 அறை-இரவுக்கும் (ஓர் அறை ஓர் இரவு என்பது ஓர் அறை-இரவு) ஓர் எலைட் இரவு, அதாவது கோல்ட், பிளாட்டினத்துக்கான இரவுக் கணக்கில் ஒன்று ஏறும். நம் கணக்கில் அறைக்கு 4,80,000, சாப்பாடு ஹாலுக்கு 3,60,000. மொத்தம் 8,40,000 ரூபாய். சுமார் 19,000 பாயின்ட், மதிப்பில் 11,000 ரூபாய் சொச்சம். 80 அறை-இரவுக்கு 4 எலைட் இரவு.

இதையே வழி 1இல் பார்த்தால் 40 பேருக்கும் சேர்த்து அறை வாடகைக்கு மட்டும் 54,000 பாயின்டுக்கு மேல், 32,000 ரூபாய் மதிப்பு. மாஸ்டர் பில்லில் மொத்தப் பாயின்ட் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி ஒரே ஆளிடம் போய்ச் சேருகிறது. ஆளுக்கு 800 ரூபாய் என்பது யாரும் தேடிப் பிடித்து வாங்காத தொகை. 11,000 ரூபாய் ஒரே இடத்தில் இருந்தால் அடுத்த ஆண்டுப் பேச்சாளருக்கு இரண்டொரு இரவு அறை போடலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. சரியான வாதம்தான், அந்தப் பாயின்ட் உண்மையிலேயே பேச்சாளர் அறைக்குப் போனால். சங்கமாக இருந்தால், யார் கணக்கில் சேர்கிறது, எதற்குச் செலவாகும் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். அரசு, அரசு உதவி பெறும் நிறுவன ஆட்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அரசுச் செலவில் போன விமானப் பயணத்தின் மைலேஜ் பாயின்ட் அரசுப் பயணத்துக்கே பயன்பட வேண்டும் என்பது மத்திய அரசின் நிலை. ஓட்டல் பாயின்டையும் அந்தக் கண்ணோடு பார்க்க ஒரு தணிக்கை அதிகாரி போதும்.

மாஸ்டர் பில் வேண்டும் என்று அக்கவுண்ட்ஸ்காரர்கள் பிடிவாதம் பிடிப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஜி.எஸ்.டி. வரவு. அந்தக் காரணம் அறையைப் பொறுத்தவரை இப்போது பெரும்பாலும் செத்துவிட்டது. முன்பு 7,500 வரையிலான அறைக்கு 12 சதவீத வரி இருந்த காலத்திலேயே, ஓட்டல் தங்கலுக்கான வரி ஓட்டல் இருக்கும் மாநிலத்துக்கே சேரும் என்பதால், தமிழ்நாட்டில் பதிவு இல்லாத பெங்களூர்க் கம்பெனியால் அதை எடுக்க முடியாது. இப்போதைய 5 சதவீத அறை வரியில் மாஸ்டர் பில் போட்டு மிச்சம் பிடிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கான வரி வரவு பொதுவாக எப்போதுமே தடைபட்டதுதான். 18 சதவீதம் போடும் ஹால் வாடகையில்தான் தமிழ்நாட்டுப் பதிவு உள்ள கம்பெனிக்குப் பயன் இருக்கும். அதற்கு ஹால் பில் மட்டும் கம்பெனி பெயரில் இருந்தால் போதும். அறைகளையும் சேர்த்து இழுக்க வேண்டியதில்லை.

மாஸ்டர் பில்லின் உண்மையான பலம் பேரத்தில் இருக்கிறது. மொத்தப் பணத்துக்கும் நீங்கள் பொறுப்பு என்றால், வாயைத் திறந்து கேளுங்கள்: 20 அல்லது 25 அறைக்கு ஒன்று இலவசம், பேச்சாளருக்குப் பெரிய அறை, விடியற்காலையில் சில அறைகள். இந்தக் கடைசி விஷயத்தில் கணக்கைப் பாருங்கள். 25 அறைக்காரர்கள் பாண்டியனில் வந்து இறங்குகிறார்கள் என்றால், அவர்களுக்காக வெள்ளி இரவுக்கு 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும். அதற்குப் பதில் குளித்து உடை மாற்ற மட்டும் 8 அறையை வெள்ளி இரவுக்கு எடுத்தால் 48,000. ஓர் அறைக்கு ஆறு பேர், கொஞ்சம் நெருக்கடிதான். ஒரு லட்சம் ரூபாய் மிச்சமாகிறது. ஞாயிறு மாலைக்கும் அதே மாதிரி நாலு அறையை இரவு 8 மணி வரை விட்டுவைக்கச் சொல்லலாம். 19,000 பாயின்டோ 54,000 பாயின்டோ இந்தப் பக்கமே வர முடியாது.

பிளாட்டினம் உறுப்பினருக்கு 4 மணி வரை தாமதச் செக்-அவுட், கோல்டுக்கு அறை இருந்தால் 2 மணி வரை என்று மேரியட்டில் சலுகை உண்டே என்பீர்கள். உண்டு. 80 பேரில் அந்த அட்டை எத்தனை பேரிடம் இருக்கும்? இரவு ரயிலுக்கு 4 மணியும் போதாது.

## வழி 3: குரூப்பை விட்டு விலகி, ஆப்பில் தானாகப் பதிவது

இது மாநாட்டுக்கு வருபவர் எடுக்கும் முடிவு. ஏற்பாட்டாளருக்குப் பிடிக்காத முடிவு. ஓட்டலின் சொந்த ஆப்பில் உறுப்பினர் விலையில் பதிந்தால் பாயின்ட், இரவுக் கணக்கு, தாமதச் செக்-அவுட் எதிலும் சந்தேகமே வராது. ஆடி மாதமோ புரட்டாசியோ என்றால், கல்யாணங்கள் குறைந்து ஓட்டல் காற்று வாங்கும்போது, ஆப்பில் 5,400 ரூபாய்க்கே அறை தெரியலாம்; குரூப் விலை 6,000 என்று நாலு மாதத்துக்கு முன் பேசியதாக இருக்கும். அப்போது விலகுவது புத்திசாலித்தனம்.

முகூர்த்த நாளிலோ சித்திரைத் திருவிழாவை ஒட்டியோ மாநாடு வந்தால் எல்லாம் மாறிவிடும். ஆப்பில் 8,500 காட்டும். 7,500ஐத் தாண்டியதால் 18 சதவீத வரி. கையிலிருந்து போவது 10,030. குரூப்பில் 6,300 கட்டியிருக்கலாம்.

இன்னொரு விஷயத்தை விலகுகிறவர்கள் யோசிப்பதில்லை. குரூப் ஒப்பந்தத்தில் அட்ரிஷன் என்று ஒரு வரி இருக்கும்: பிடித்த அறையில் இத்தனை சதவீதம் நிரம்பியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசத்தைக் கட்டு. 80 சதவீதம் என்று எழுதியிருந்தால் 32 அறை. 27 அறைதான் நிரம்பியது என்றால் ஐந்து அறை, இரண்டு இரவு, 60,000 ரூபாய். அதே ஓட்டலில் ஆறு பேர் தனியாகப் பதிந்து தங்கியிருப்பார்கள். ஓட்டலுக்கு அறை காலியாக இல்லை, ஆனாலும் சங்கத்துக்குப் பில் வரும். ஏற்பாட்டாளர் இதற்கு ஒரு மருந்து கேட்டு வாங்கலாம்: மாநாட்டுப் பிரதிநிதி எந்த வழியில் பதிந்திருந்தாலும் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு குரூப் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி.

## வழி 4: பயணத் தளம் அல்லது ஏஜென்ட்

நீண்டு பேச ஒன்றுமில்லை. மூன்றாம் ஆள் தளம் வழியாகப் பதிந்தால் செயின் ஓட்டல்களில் பொதுவாகப் பாயின்டும் இல்லை, இரவுக் கணக்கும் இல்லை. கூப்பன், வங்கிக் கார்டு தள்ளுபடி என்று கையில் வருவது 7 சதவீதத்தைத் தாண்டினால் தனி ஆளுக்கு லாபம். 40 அறைக்கு இது சரிப்படாது. ஏஜென்ட் என்றால் அவருடைய கமிஷன் அறை விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பஸ், மேடை, பந்தல், கோயில் தரிசன ஏற்பாடு எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற அளவுக்குச் சங்கத்தில் ஆள் இல்லை என்றால் மட்டும் ஏஜென்டைப் பாருங்கள்.

## வழி 5: பாயின்டே இல்லாத உள்ளூர் ஓட்டல்

மதுரையில் பெரும்பாலான மாநாடுகள் உண்மையில் போய் நிற்கும் இடம் இது. தமுக்கம் மாநாட்டு மையத்திலோ ஒரு கல்லூரி அரங்கிலோ நிகழ்ச்சி. தங்குவது நாலைந்து ஓட்டல்களில் பிரிந்து. பாயின்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆனால் வளைந்துகொடுப்பார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் உள்ள பல லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்குதான்: காலை 6 மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை 6 மணி வரை உங்களுடையது. இரவு ரயிலில் வருபவருக்கு இதைவிடப் பெரிய லாயல்டி சலுகை இல்லை.

முன்பு சொன்ன 7 சதவீதம் இங்கேதான் உதவும். அதே தரத்து அறை உள்ளூர் ஓட்டலில் 5,600 ரூபாய்க்குக் கிடைத்தால், செயின் ஓட்டலின் 6,000 ரூபாயும் பாயின்டும் ஏறக்குறைய சமம். 5,000க்குக் கிடைத்தால் பாயின்ட் தோற்றுவிட்டது. இதற்கு மேல் அவர்கள் தரும் சில்லறை வசதிகள் இருக்கின்றன: டிரைவர்கள் படுக்க ஒரு ஹால், பஸ் நிறுத்த இடம், இத்தனை இலைச் சாப்பாடு எடுத்தால் ஹால் வாடகை இல்லை என்கிற பேச்சு. செயின் ஓட்டலில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மெயில், ஓர் அனுமதி.

குறை இல்லாமல் இல்லை. எழுத்தில் தர மாட்டார்கள்; "நீங்க வாங்க சார், பாத்துக்கலாம்" என்பதே ஒப்பந்தம். ஒரு பெரிய கல்யாண வீட்டார் வந்து மொத்த ஓட்டலையும் கேட்டால் அந்தப் 'பாத்துக்கலாம்' எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அட்வான்ஸ் கொடுத்து ரசீதில் அறை எண்ணிக்கையையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். கார்த்திகையிலிருந்து தை மாதப் பிறப்பு வரை ஐயப்ப பக்தர்களின் கூட்டத்தில் கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜ்களை நம்பி மாநாடு வைக்காதீர்கள். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் ஹால் காலியாக இருக்கும், அறை இருக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | தங்குபவருக்குப் பாயின்ட் | ஏற்பாட்டாளருக்கு | காலி அறை நஷ்டம் | பேர பலம் |
|---|---|---|---|---|
| அவரவர் பில் | உண்டு, அறைக்கு ஒருவருக்கு | ஓட்டல் ஒப்புக்கொண்டால் | ஒப்பந்தம் போட்டவருக்கு | நடுத்தரம் |
| மாஸ்டர் பில் | இல்லை | உண்டு | கட்டுபவருக்கு | அதிகம் |
| ஆப்பில் தனியாக | உண்டு, முழுதாக | இல்லை | குரூப்பைப் பிடித்தவருக்கு | இல்லை |
| தளம், ஏஜென்ட் | பொதுவாக இல்லை | இல்லை | ஏஜென்டோடு பேசியபடி | ஏஜென்டின் பலம் |
| உள்ளூர் ஓட்டல் | இல்லை | இல்லை | அட்வான்ஸ் அளவுக்கு | அதிகம், வாய்மொழியில் |

## அப்படியானால் யாருக்கு எது

செயின் ஓட்டலிலேயே மாநாடும் தங்கலும் என்றால், நான் இரண்டையும் கலப்பேன். சாப்பாடும் ஹாலும் மாஸ்டர் பில்லில். அறை அவரவர் பில்லில். குறைந்தபட்சம் இத்தனை அறை நிரம்பும் என்ற உத்தரவாதம் ஏற்பாட்டாளர் கையெழுத்தில். உத்தரவாதம் இருப்பதால் பேர பலம் போகாது. தங்குபவர்களுக்கு அவர்கள் பாயின்ட். சாப்பாடு, ஹால் செலவுக்கு மட்டுமே ஏற்பாட்டாளர் கணக்கில் 8,000 பாயின்ட் சேரும். அறைச் செலவுக்கும் சேர்த்து ஏற்பாட்டாளருக்குத் தருவார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் மெயிலில் கேளுங்கள். முடிந்தபின் கேட்டால் "சிஸ்டத்தில் வரவில்லை" என்பதுதான் பதிலாக இருக்கும்.

கம்பெனிப் பயிற்சி முகாம், வருபவர்கள் எல்லாம் இளையவர்கள், செலவு கம்பெனியுடையது என்றால் யோசிக்காமல் மாஸ்டர் பில். அவர்களில் ஓரிருவர் 50 இரவை எட்டப் பார்க்கிறவர்களாக இருந்தால், அவர்களை மட்டும் சொந்தமாகக் கட்டிவிட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள அனுமதியுங்கள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கல்லூரிக் கருத்தரங்கு, ஓய்வு பெற்றோர் சங்கம், ஆசிரியர் மாநாடு என்றால் பாயின்டை மறந்துவிட்டு உள்ளூர் ஓட்டலோடு மணி நேரத்தைப் பேசுங்கள். விமானத்தில் வரும் பேச்சாளர்களை மட்டும் பசுமலையிலோ அழகர்கோவில் சாலையிலோ தங்க வைக்கலாம். பசுமலைதான் பெருங்குடியில் உள்ள விமான நிலையத்துக்குக் கொஞ்சம் கிட்டம். நிகழ்ச்சி தமுக்கத்தில் என்றால் அழகர்கோவில் சாலை. இரண்டையும் மாற்றிப் போட்டால் கோரிப்பாளையத்தில் காலை நெரிசலில் பேச்சாளர் மாட்டிக்கொண்டு, முதல் அமர்வில் நன்றியுரை சொல்பவர் வரவேற்புரையை இழுத்துக்கொண்டிருப்பார்.

## பாயின்ட் சேராமல் போகும் இடங்கள்

நம் ஆட்களுக்குப் பாயின்ட் தவறிப்போவதற்கு முதல் காரணம் இனிஷியல். சங்கப் பட்டியலில் 'எஸ். முருகேசன்', ஆதாரில் 'முருகேசன் சுப்பையா', ஓட்டல் ஆப்பில் முதல் பெயர் சுப்பையா, கடைசிப் பெயர் முருகேசன். ஓட்டலின் கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். அறைப் பட்டியல் அனுப்பும்போது பெயரை ஆப்பில் உள்ளபடியே எழுதி, பக்கத்திலேயே உறுப்பினர் எண்ணுக்கு ஒரு கட்டம் விடுங்கள். மாநாட்டுப் பதிவுப் படிவத்திலேயே இந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டால் பிறகு 40 பேருக்கு போன் போட வேண்டியிருக்காது.

இரண்டாவது, ஒப்பந்தத்தில் எழுதாத பேச்சு. குரூப் விலை பாயின்டுக்குத் தகுதியானதா, ஏற்பாட்டாளரின் உறுப்பினர் எண் என்ன, பதியாத அறைகளை ஓட்டல் திரும்ப எடுத்துக்கொள்ளும் கட்-ஆஃப் தேதி எது, அட்ரிஷன் எத்தனை சதவீதம், காலை எத்தனை மணிக்கு எத்தனை அறை, இலவச அறைக்கும் இரவுக் கணக்கு உண்டா என்று ஆறு கேள்வியையும் ஒரே மெயிலில் அனுப்பி, பதிலை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். சேல்ஸ் மேனேஜர் அடுத்த மாதமே வேறு ஓட்டலுக்குப் போய்விடலாம், மெயில் இருக்கும்.

மூன்றாவது கிளம்பும் நேரம். ஞாயிறு மதியம் 40 அறையும் ஒன்றாகக் காலியாகும்போது முன்மேசையில் பில்லை அவசரத்தில் மாஸ்டர் கணக்குக்குத் தள்ளிவிடுவது சாதாரணமாக நடக்கும். வரிசையில் நிற்கும்போதே பில்லில் உங்கள் பெயர், உறுப்பினர் எண், கட்டிய தொகை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியில் திருப்பி வாங்குபவராக இருந்தால் கம்பெனி பெயரும் அதன் ஜி.எஸ்.டி. எண்ணும் அதிலேயே ஏற வேண்டும். பில் அச்சான பிறகு மாற்றித் தர முன்மேசையில் யாருக்கும் மனசு வராது. பாயின்ட் ஆப்பில் தெரியச் சில நாள் ஆகும். பத்து நாள் கழித்தும் வரவில்லை என்றால், விடுபட்ட தங்கல் என்று கோரிக்கை போட அந்தப் பில்தான் ஒரே ஆதாரம். அதன் படத்தை ரயில் ஏறுவதற்கு முன்பே போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.